கரை சேராத சரக்கு

சூரமங்கலத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் வேளாங்கண்ணிதான். ஆண்டுக்கு ஒரு முறை பேருந்து அமர்த்திக்கொண்டு ஆரோக்கிய அன்னையைத் தரிசிக்கச் செல்வோம். திருப்பலி முடிந்ததும் பிள்ளைகள் கடற்கரைக்கு ஓடுவார்கள். பெற்றோர் பின்னால் கூவிக்கொண்டு ஓடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படிச் சென்று திரும்பும் வழியில், வடக்கே தரங்கம்பாடியையும் பார்த்துவிட்டு வருவோம் என்று பங்கு மக்கள் சிலர் விரும்பினார்கள். டேனியர் கட்டிய கோட்டையைச் சுற்றிப் பார்த்தோம். புறப்படும் நேரத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் வந்து சேரவில்லை. தேடிப் போனபோது, அலை வந்து தொடும் இடத்தில் குனிந்துகொண்டு எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"சாமி, இதைப் பாருங்கள்" என்று கையை நீட்டினான். உள்ளங்கையில் ஒரு ரூபாய் அளவுள்ள பீங்கான் துண்டு. வெள்ளை நிறம், அதன்மேல் நீலத்தில் ஏதோ ஒரு செடியின் கிளை. விளிம்புகள் கூர் மழுங்கி வழவழவென்று இருந்தன. "மூழ்கிப்போன கப்பலிலிருந்து வந்ததா, சாமி?" என்று கேட்டான்.

நான் உடனே விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. பேருந்தில் சேலம் வந்து சேரும்வரை அக்கேள்வி மனத்தில் இருந்தது. பின்னர் நூல்களைப் புரட்டியும், விவரம் அறிந்தவர்களைக் கேட்டும் நான் தெரிந்துகொண்டவற்றை அவனுக்கும், அவனைப் போன்ற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அந்தத் துண்டு கப்பலிலிருந்து வந்திருக்கக்கூடும். தரங்கம்பாடியில் டேனியர் வந்து இறங்குவதற்கு முன்பே அவர்களுடைய கப்பல் ஒன்று இக்கடலில் அழிந்திருக்கிறது. 1619-ஆம் ஆண்டில் ஓரசுந்து என்ற டேனியக் கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்த்துக்கீசியர் தாக்கி மூழ்கடித்தார்கள். (போர்த்துக்கீசியர் நம் மறையினர் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை, வாணிகப் போட்டியில் அக்காலத்து ஐரோப்பியர் எவரும் எவருக்கும் இளைத்தவர்களாக இருக்கவில்லை.) கப்பலின் தலைவர் ரோலண்டு கிராப்பே உயிர் தப்பித் தஞ்சை நாயக்கரின் அவையை அடைந்தார். மறு ஆண்டு, 1620-இல், இரகுநாத நாயக்கருடன் டேனியர் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை, நெப்போலியன் காலத்துப் போர்களில் சில ஆண்டுகள் நீங்கலாக, அவ்வூர் அவர்களிடமே இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் டேனியர் சீனத்துக் கான்டன் துறைமுகத்தோடும் வாணிகம் செய்தார்கள். பீங்கான் அவ்வாணிகத்தின் முக்கியமான சரக்கு.

ஆனால் அத்துண்டு கப்பலிலிருந்து வராமலும் இருக்கலாம். தரங்கம்பாடியைப் பார்த்தவர்கள் அங்கே கடலோரத்தில் உள்ள மாசிலாமணிநாதர் கோயிலையும் பார்த்திருப்பார்கள். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில் அது. அதன் முன்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. கோயிலை விழுங்கிய கடல் வீடுகளை விட்டிருக்குமா? டேனியர் காலத்துத் தெருக்களும் சமையற்கட்டுகளும் குப்பைமேடுகளும் இருந்த நிலத்தின் ஒரு பகுதி இன்று நீருக்குள் கிடக்கிறது. ஒரு சீமாட்டியின் கையிலிருந்து தவறி விழுந்து உடைந்த தட்டு, அன்று வேலைக்காரப் பெண்ணால் கொல்லையில் கொட்டப்பட்டு, முந்நூறு ஆண்டு கழித்து அலையில் புரண்டு நம் பையனின் கைக்கு வந்திருக்கலாம். மழைக்காலப் புயலுக்குப் பின் அந்தக் கரையில் பழங்காசுகளைப் பொறுக்குவது அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமான காரியம். அக்காசுகள் எல்லாம் கப்பலேறி மூழ்கியவை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் கப்பல் சரக்கையும் வீட்டுச் சாமானையும் பிரித்தறிவது எப்படி? துண்டைத் தனியே எடுத்து எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் இதற்கு விடை கிடையாது. அதனோடு கூடக் கிடந்தவை எவை, எந்த இடத்தில், எத்தனை ஆழத்தில் கிடந்தன என்பவையே விடை சொல்லும். ஒரு வீட்டின் குப்பையில் பத்துவகைப் பாத்திரங்களின் துண்டுகள் கலந்து கிடக்கும். புழங்கித் தேய்ந்த தடம் இருக்கும். அடுப்புக் கரி ஒட்டியிருக்கும். கப்பல் சரக்கிலோ ஒரே அளவும் ஒரே சித்திரமும் உடைய தட்டுகள் நூற்றுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நிலையில், ஒரு முறைகூட உணவு பரிமாறப்படாமல் கிடக்கும். கடைக்குப் போகும் வழியில் நின்றுபோன பொருள்கள் அல்லவா அவை!

கப்பல் எவ்வாறு சிதறுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆழமற்ற கரையோரத்தில் பாறையிலோ மணல்திட்டிலோ மோதிய கப்பல் முழுதாக மூழ்குவதில்லை. அலை அதை அடித்து அடித்துப் பிளக்கிறது. பீப்பாய், கயிறு, பாய்மரம், துணிமூட்டை ஆகியவை மிதந்து போய்க் கரை நெடுகிலும் ஒதுங்குகின்றன. பீரங்கி, நங்கூரம், உலோகப் பாளம் ஆகியவை விழுந்த இடத்திலேயே தங்குகின்றன. பீங்கான் துண்டுகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே இருக்கும். நம் சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் ஓடுகிறது. எனவே ஒரே கப்பலின் சரக்கு பல ஊர்க் கரைகளில் பரவிக் கிடக்க இடமுண்டு. கரையில் எந்தத் துண்டு எவ்விடத்தில் கிடைத்தது என்று குறித்துக்கொண்டே போனால், துண்டுகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தைக் கொண்டு கப்பல் கிடக்கும் இடத்தை ஒருவாறு ஊகிக்க முடியும். குறிக்காமல் பொறுக்கிச் சென்றால் அந்த வழி அடைபட்டுப்போகிறது.

கடலடியில் தங்கிய மரத்தையோ, மரத்தைத் துளைத்துத் தின்னும் ஒருவகைப் புழு சில ஆண்டுகளில் தின்று தீர்த்துவிடும். மணலுக்குள் புதைந்த பகுதி மட்டுமே தப்பும். ஆகவே ஆராய்ச்சியாளர் நீரில் இறங்கும்போது நாம் படங்களில் காண்பது போன்ற கப்பல் அங்கே காத்திருப்பதில்லை. பெரும்பாலும் எஞ்சியிருப்பது சரக்கின் குவியலே. குவியலின் வடிவமே கப்பலின் வடிவம்.

தரங்கம்பாடிக்குச் சற்று வடக்கே பூம்புகார். சிலப்பதிகாரத்துப் புகார் நகரத்தைத் தேடி, கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் 1980-களிலும் 1990-களிலும் அக்கடலில் ஆய்வு நடத்தின. அறிஞர் எஸ்.ஆர். ராவ் அதனைத் தொடங்கி வைத்தவர். பழைய நகரத்தைத் தேடிச் சென்றவர்களுக்குச் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் எதிர்பாராத ஒன்று கிடைத்தது: உடைந்துபோன ஐரோப்பியக் கப்பல் ஒன்றின் எச்சங்கள். அவற்றுள் நம் கவனத்துக்கு உரியவை காரீயப் பாளங்கள். (நம் வீடுகளில் இரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, இது வேறு, கனத்த கருநிற உலோகம்.) பாளங்களில் சிலவற்றின்மேல் "டபிள்யூ. பிளாக்கெட்" என்ற பெயரும், 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன.

பிளாக்கெட் என்பது வட இங்கிலாந்தில் காரீயச் சுரங்கங்கள் நடத்திய ஒரு குடும்பத்தின் பெயர். உலோகத்தைச் சோதித்துப் பார்த்ததிலும் இங்கிலாந்துக் கனி என்றே தெரிய வந்தது. எங்கோ குளிர்நாட்டு மலைக்குள் சுரங்கத் தொழிலாளர் வெட்டி எடுத்து, உருக்கி, பெயர் பொறித்து அனுப்பிய உலோகம் காவிரியின் கழிமுகத்திற்கு நேரே வந்து அமிழ்ந்திருக்கிறது. காரீயம் அன்றைக்கு இன்றியமையாத சரக்கு. துப்பாக்கிக் குண்டு வார்க்கவும், கூரைக்குத் தகடு அடிக்கவும், தேயிலைப் பெட்டிக்கு உள்ளுறை இடவும் அது வேண்டும். மேலும் அடித்தளத்தில் அடுக்கினால் கப்பல் தள்ளாடாமல் நிற்கும்; துறைமுகம் வந்ததும் விற்றும் விடலாம். பாரமாகவும் பணமாகவும் பயன்படும் பொருளை எந்த வணிகன் விடுவான்?

1791, 1792 என்ற ஆண்டுகளைக் கொண்டு அக்கப்பல் 1792-இல் மூழ்கியது என்று சொல்லிவிடலாமா? கூடாது. 1792-க்கு முன் மூழ்கவில்லை என்பது மட்டுமே உறுதி. பாளம் கிடங்கில் பத்து ஆண்டு கிடந்து பின்பு கப்பல் ஏறியிருக்கலாம். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கோவாவின் கடலில் உள்ளது. அங்கே செயின்ட் ஜார்ஜ் பாறைத்திட்டில் கிடக்கும் ஒரு கப்பலின் சரக்கு என்ன தெரியுமா? கூரை ஓடுகள்! நம் சேலத்துப் பழைய வீடுகளில் இன்றும் காணும் அதே மங்களூர் ஓட்டு வகை. ஓடுகளில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையின் பெயரும் 1865 என்ற ஆண்டும் பதிந்திருக்கின்றன. பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. அதை முத்திரையாகவே வைத்துக்கொண்டு பின்னாளில் சுட்ட ஓடுகளிலும் பதித்து வந்தார்கள். முத்திரையைப் படிக்கத் தெரிந்தால் போதாது. அது எதற்காகப் பதிக்கப்பட்டது என்றும் தெரிய வேண்டும். அதே கோவாவில் சுஞ்சி பாறைத்திட்டில் கிடந்த ஒரு போர்த்துக்கீசியக் கப்பலிலோ யானைத் தந்தங்களும் நீர்யானைப் பற்களும் கிடைத்தன. நீர்யானை ஆப்பிரிக்காவுக்கு உரியது. எனவே சரக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பெயரோ முத்திரையோ தேவைப்படவில்லை.

நம் பங்கில் பழைய இரும்பு வாங்கி விற்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். காரீயப் பாளங்களின் கதையை ஒரு மாலையில் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "சாமி, காரீயத்துக்கு இன்றைக்கும் நல்ல விலை. ஒரு மீனவர் கைக்கு அது அகப்பட்டால் உருக்கி வலைக்குக் குண்டு செய்துகொள்வார்; மிச்சத்தை எங்களைப் போன்றவர்களிடம் போடுவார். பேரும் ஆண்டும் அவர் பிள்ளைக்குச் சோறு போடுமா?" என்று கேட்டார்.

இக்கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. கடலடியில் எங்கே எது கிடக்கிறது என்பதை முதலில் அறிபவர்கள் மீனவர்களே. வலை ஓரிடத்தில் சிக்கிக் கிழிந்தால் அங்கே ஏதோ கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கிழிந்த வலைக்கு ஈடு கொடுப்பார் இல்லை. கண்டுபிடிப்புக்குப் பெயர் மட்டும் வேறொருவருக்குப் போகும் என்றால், அவர்கள் ஏன் வாய் திறக்க வேண்டும்? நிலத்தில் புதைந்து கிடைக்கும் பொருளைப் பற்றி 1878-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் புதையல் சட்டம் இயற்றப்பட்டது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் இல்லையென்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்று அச்சட்டம் கூறுகிறது. அரசு தனக்கென எடுத்துக்கொண்டால் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தர வேண்டும். கண்டெடுத்த ஏழையின் கையை வெறுமையாக விடலாகாது என்ற நீதி வெள்ளைக்காரர் சட்டத்திலேயே இருந்தது என்பதைப் பெரியவருக்கு எடுத்துச் சொன்னேன். "கடலுக்கும் அப்படி ஒன்று இருந்தால் நல்லது" என்று மட்டும் சொன்னார். எனக்கும் அதுவே சரியென்று தோன்றுகிறது.

இலங்கையில் நடந்ததைக் கேளுங்கள். அம்பாந்தோட்டை மாவட்டத்தில், வளவை ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே கொடவாய என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே கற்பாறையில் ஒரு பழங்கல்வெட்டு உண்டு. அத்துறைமுகத்தில் வசூலாகும் சுங்கத்தைப் பௌத்த விகாரைக்கு ஓர் அரசன் வழங்கிய செய்தியை அது தருகிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி விழாவுக்கு வந்தவனாகச் சொல்லப்படும் கயவாகு மன்னனே அவன் என்பர். 2003-ஆம் ஆண்டில் அவ்வூரைச் சார்ந்த முழுக்காளர் இருவர் 30 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஒரு விந்தையான கல்லைக் கண்டனர். சிறிய கால்களுடன், நம் வீட்டு அம்மியை நினைவூட்டும் கல் அது. மேற்பரப்பில் மீனும் திருவத்சமும் நந்திபாதமும் செதுக்கப்பட்டிருந்தன. அவர்கள் அதை விற்றுவிடவில்லை. செய்தி தொல்லியல் துறையை அடைந்தது.

அக்கல் ஒன்றால் அங்கே என்ன கிடக்கிறது என்பது உலகுக்குத் தெரிய வந்தது. இலங்கைத் தொல்லியல் துறையினரும் அமெரிக்க நாட்டுக் கடல்சார் தொல்லியல் கழகத்தாரும் பிற நாட்டு அறிஞரும் சேர்ந்து 2012 முதல் 2014 வரை அகழ்ந்தார்கள். அவ்வளவு ஆழத்தில் ஒரு முறை இறங்கினால் வேலை செய்யக் கிடைப்பது சில பத்து நிமிடங்களே. அந்த நேரத்தில் கயிறு கட்டி அளந்து, கிடந்தது கிடந்தபடியே வரைந்து, படம் பிடித்து, பிறகே ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்தார்கள். கண்ணாடிப் பாளங்கள், கல் அம்மிகள், மட்கலங்கள், துருப்பிடித்து ஒரே பாறையாக இறுகிப்போன இரும்பு ஆகியவையே சரக்கு. மரத்துண்டுகளின் கரிமத்தைச் சோதித்ததில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலம் என்று தெரிந்தது. நம் ஆண்டவர் கலிலேயாக் கடலில் படகேறிய காலத்துக்குச் சற்று முன்னோ, அக்காலத்திலோ மூழ்கிய கப்பல்! இந்துமாக்கடலில் இதுவரை கண்டறியப்பட்ட கப்பல்களுள் இதனினும் பழமையானது இல்லை.

அக்கண்ணாடியின் சேர்க்கையைச் சோதித்தவர்கள், அது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருவான வகையைச் சேர்ந்தது என்கிறார்கள். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் இத்தகைய கண்ணாடியைக் கொண்டே மணிகள் செய்தார்கள். ஆக, உரோமாபுரியிலிருந்து பொன்னை ஏற்றிவந்த மரக்கலங்களைப் பற்றியே படித்துப் பழகிய நமக்கு, உள்ளூர்த் துறைமுகங்களுக்கிடையே கண்ணாடியும் இரும்பும் அம்மியும் ஏற்றிச் சென்ற சாமானிய வணிகர்களின் கப்பல் ஒன்று வெளிப்பட்டிருக்கிறது. அரசர்களின் வரலாற்றில் இவர்களுக்கு இடம் கிடையாது. அன்று அந்த முழுக்காளர் இருவரும் கல்லைக் கொண்டுபோய்க் கடையில் போட்டிருந்தால் இன்றும் இடம் கிடைத்திராது.

கடல் காத்து வைப்பதில் பெரிய ஓரவஞ்சனை உண்டு என்பதையும் மறக்கலாகாது. கல், கண்ணாடி, மண், உலோகம் ஆகியவை நிற்கும். அரிசி, மிளகு, பருத்தித் துணி ஆகியவை கரைந்துபோகும். நமக்கு இது நெருக்கமான செய்தி. கம்பெனி ஆட்சியில் சேலத்துக் கைத்தறித் துணி கடல் கடந்து சென்றது; நம் கஞ்சமலைப் பக்கத்து இரும்புக்கல்லும் கடலோரம் சென்றது. 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நிறுவிய இரும்பாலைக்குச் சேலம் மாவட்டத்துத் தாது பயன்பட்டது. அங்கே உருக்கிய இரும்பு இங்கிலாந்தின் ஷெபீல்டு நகருக்குக் கப்பல் ஏறியது. அத்தகைய கப்பல் ஒன்று வழியில் மூழ்கியிருக்குமானால் இரும்பு பாறைபோல் இறுகிக் கிடக்கும். துணியோ ஒரு நூலும் மிஞ்சாது. பிற்காலத்தார் அதைக் கண்டு, சேலத்தார் கொல்லர்களாக மட்டுமே இருந்தார்கள், நெசவாளர் இல்லை என்று எழுதிவிடக்கூடும் அல்லவா? கிடைத்ததைப் படிக்கும்போதே கிடைக்காததையும் எண்ணிப் பார்ப்பது இவ்வாராய்ச்சியின் கடினமான பகுதி.

புனித சின்னப்பர் பயணம் செய்த கப்பலை எடுத்துக்கொள்வோம். அப்போஸ்தலர் பணி 27-ஆம் அதிகாரத்தை ஒரு மாலுமியின் கண்ணோடு படித்துப் பாருங்கள். அலெக்சாந்திரியாக் கப்பல், 276 பேர், புயலில் முதலில் சரக்கில் ஒரு பகுதியை எறிகிறார்கள், பிறகு கப்பலின் தளவாடங்களை, இறுதியாகக் கோதுமையையே கடலில் கொட்டுகிறார்கள். பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்குகிறார்கள். விடிந்ததும் அவற்றை அறுத்துக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். மால்தா தீவின் கரையோரங்களில் உரோமர் காலத்து நங்கூரங்களின் காரீயப் பகுதிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று சின்னப்பரின் கப்பலுடையது என்று கூறுவோர் அவ்வப்போது எழுகிறார்கள். பக்தியால் கூறுகிறார்கள்; ஆயினும் நங்கூரத்தின்மேல் அப்போஸ்தலரின் பெயர் இல்லை. கோதுமையோ அன்றே மீனுக்கு இரையாயிற்று. நம் விசுவாசத்துக்கு அந்த நங்கூரம் தேவைப்படவில்லை என்பதால், இதில் அவசரப்படாமல் இருப்பதே நமக்கு அழகு.

அவசரப்படுவது பொருளாசையாலும் வரும். 1961-ஆம் ஆண்டில் இலங்கையின் தென்கிழக்கே, சிங்கள மக்கள் மகா இராவணன் கோட்டை என்று அழைக்கும் பெரும்பாறைத் திட்டில், மைக் வில்சன் என்பவரும் அவருடன் சென்ற இரு சிறுவர்களும் வெள்ளிக் காசுகளைக் கண்டார்கள். அவருடைய நண்பரான எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் இதைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். காசுகள் ஔரங்கசீப் காலத்தவை. சூரத்து நாணயச் சாலையில், ஹிஜ்ரி 1113-இல், அதாவது ஏறத்தாழ கி.பி. 1702-இல் அடித்தவை. வியப்பு என்னவென்றால், அவை பல இடங்களில் கட்டி கட்டியாகப் பிடித்து, தாம் கட்டப்பட்டிருந்த பையின் வடிவத்திலேயே இறுகியிருந்தன. பை மக்கிப்போயிற்று, பையின் உருவம் நின்றது. எல்லாக் காசுகளும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை என்பதும், பை பையாகக் கட்டி அனுப்பப்பட்டவை என்பதும் அக்கட்டியை உடைக்காமல் வைத்திருந்தபடியால் விளங்குகிறது. உடைத்து ஒவ்வொன்றாக விற்றிருந்தால் கையில் இருப்பது வெறும் வெள்ளி; சந்தையில் வேறு ஆயிரம் வெள்ளிக் காசு உண்டு.

இவ்வளவு பாடுபட்டு எடுத்தாலும் காப்பது எளிதன்று. நூற்றாண்டுக் கணக்கில் உப்புநீரில் ஊறிய பொருளை எடுத்து வெயிலில் வைத்தால், உள்ளே இருக்கும் உப்பு படிகமாகி மேல்தோலை உரித்துத் தள்ளும். மட்கலத்தை நன்னீரில் பல நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை இறக்க வேண்டும். இரும்புக்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். மரத்தை உலரவே விடக்கூடாது. இலங்கையின் காலித் துறைமுகத்தில் 1659-ஆம் ஆண்டு சூலை 2-ஆம் நாள் ஆவோன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தர் கப்பல் மூழ்கியது. பாக்கு ஏற்றிக்கொண்டு நம் நாகப்பட்டினத்துக்கு வர வேண்டிய கப்பல் அது. 2001 முதல் இளம் இலங்கை ஆய்வாளர்கள் பயிற்சி பெற்று, அதைப் பொறுமையோடு அகழ்ந்து, கிடைத்தவற்றைத் துறைமுகத்தோரக் கட்டடத்தில் தொட்டி தொட்டியாக நீரில் ஊறவைத்துப் பாதுகாத்தார்கள். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை அக்கட்டடத்தை அழித்தது. முந்நூற்று நாற்பது ஆண்டுக்குப் பின் மீண்டும் கரை கண்ட பொருள்கள் பலவற்றைக் கடல் இரண்டாம் முறை எடுத்துக்கொண்டது. ஆனால் ஒவ்வொன்றும் எங்கே கிடந்தது என்று எழுதியும் வரைந்தும் வைத்த செய்திகளில் எஞ்சியவற்றைக் கொண்டு பணி தொடர்ந்தது. அதே நாளில் வேளாங்கண்ணிக் கரையில் நாம் இழந்த உயிர்களை நினைக்கும்போது பானையையும் கயிற்றையும் பற்றிப் பேச நாணமாக இருக்கிறது. என்றாலும் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேளாங்கண்ணி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அன்னையின் பீடத்தை அலங்கரிக்கும் பழைய பீங்கான் தட்டுகளை நம்மில் எத்தனை பேர் உற்றுப் பார்த்திருக்கிறோம்? மாக்காவோவிலிருந்து இலங்கைக்குச் சென்ற போர்த்துக்கீசிய வணிகர் புயலில் சிக்கி அன்னையை மன்றாடினர். செப்டம்பர் 8-ஆம் நாள், அன்னை பிறந்த திருநாளில், வேளாங்கண்ணியில் நலமே கரை சேர்ந்தனர். பின்னொரு பயணத்தில் விவிலியக் காட்சிகள் தீட்டிய இத்தட்டுகளைக் கொண்டுவந்து காணிக்கையாக்கினர் என்பது மரபு. சீனத்துக் கடல்வழியே வந்த தட்டு, முழுதாக, தனக்குரிய இடத்தில், அதைக் கொண்டுவந்தவர்களின் நினைவோடு இருக்கிறது. தரங்கம்பாடித் துண்டுக்கு அந்தப் பேறு இல்லை.

அந்தத் துண்டு இப்போது என் மேசையில் ஒரு உறையில் இருக்கிறது. அதைப் பீங்கான் என்று எப்படி அறிவது என்று பையனுக்குக் காட்டினேன்: உடைந்த பக்கத்தில் ஒரு சொட்டு நீர் விட்டோம், உறிஞ்சவில்லை. மண்பானை ஓட்டில் விட்டோம், உடனே மறைந்தது. நீலம் மட்டும் அழியாமல் இருப்பதேன் என்று கேட்டான். நீல வண்ணத்தைத் தீட்டிய பின்பே மேலே பளிங்குப் பூச்சு இட்டுச் சுடுகிறார்கள். அது பூச்சுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. பூச்சின்மேல் தீட்டிய சிவப்பும் பொன்னும் இருந்திருந்தால் கடல்மணல் தேய்த்திருக்கும் என்றேன். பிறகு உறையின்மேல் நாள், ஊர், கோட்டையிலிருந்து எந்தப் பக்கம், அலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அவன் நினைவில் இருந்தவற்றை எழுதச் சொன்னேன். கோட்டைக்குத் தெற்கா வடக்கா என்பதில் அவனுக்கே ஐயம். இரண்டு முறை அடித்து எழுதினான்.

மறு ஆண்டும் அப்பக்கம் சென்றோம். இம்முறை அவன் பள்ளி நோட்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தான். கோயில் சுவரிலிருந்து காலடியால் அளந்துகொண்டே நடந்தான். ஓரிடத்தில் நின்று குனிந்தான். நான் அருகே சென்றபோது, ஈரமணலில் பாதி புதைந்திருந்த நீலப் புள்ளியொன்றை எடுக்காமல், முழந்தாளிட்டு, பென்சிலால் வரைந்துகொண்டிருந்தான். வரைந்து முடிப்பதற்குள் ஓர் அலை வந்து அதை மூடியது. "நூற்றுப் பதினாறு அடி, சாமி" என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டான்.